ராக்கெட் ஏறிய மறுநாள் பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்துகிறீர்கள். நாசா என்று எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள், விண்வெளிப் படம் ஒன்றைக்கூடத் தவறவிடாத பிள்ளைகள், ராக்கெட் ஏவும் நேரலையைக் கண்கொட்டாமல் பார்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரே வாரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். சினிமாவும் கணினி விளையாட்டும் கிளப்பிவிடும் இந்த ஆர்வம் வெறும் நுரைதானா, இதை வைத்து இளையவர்களை உண்மையிலேயே விண்வெளித் துறைக்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளை இரவு வானம் பார்க்கக் கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்குப் பட்டது இதுதான்: ஆர்வம் மெலிதாக இருப்பதால் அது வற்றுவதில்லை. ராக்கெட் ஏறிய மறுநாள் பிள்ளைகள் கையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, அதனால்தான் வற்றுகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது யூடியூபில் ஒரே நேரத்தில் சுமார் 80 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் அவர்களில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், "சரி, இப்போது நீ இதைச் செய்து பார்" என்று சொல்ல எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

முதலில் நுரை என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். விண்வெளிப் பயணத்தின் வரலாறே கதைப் புத்தகத்தில்தான் தொடங்குகிறது. ரஷ்யாவின் சியால்கோவ்ஸ்கி, அமெரிக்காவின் காடர்ட், ஜெர்மன் பேசும் குடும்பத்தில் பிறந்த ஓபர்த் ஆகிய மூவரும் ராக்கெட் இயலுக்கு அடித்தளம் போட்டவர்கள். மூவருமே சிறுவயதில் விண்வெளிக் கதைகளைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள். 1899 அக்டோபர் 19 அன்று பதினேழு வயது காடர்ட் ஒரு செர்ரி மரத்தில் ஏறிக் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கே போகும் ஒரு வண்டியைச் செய்தால் எப்படி இருக்கும் என்று அங்கேயே அவருக்குத் தோன்றியது. முந்தைய ஆண்டுதான் செவ்வாய்வாசிகள் பூமிமேல் படையெடுக்கும் கதையைப் படித்திருந்தார். அந்த நாளை ஆயுள் முழுக்க ஆண்டு நிறைவு நாளாக நினைவில் வைத்திருந்தார். 1926 மார்ச் 16 அன்று உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஒரு பண்ணை நிலத்தில் ஏவினார். அது இரண்டரை விநாடி பறந்தது. எட்டிய உயரம் 12 மீட்டர் சொச்சம்.

மரத்தில் இருந்த நாளுக்கும் அந்த இரண்டரை விநாடிக்கும் நடுவே 26 ஆண்டுகள். நாம் பேச வேண்டியது அந்த இடைவெளியைப் பற்றித்தான். கதை அவரைத் தூண்டியது என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். தூண்டுதலுக்கு அப்புறம் அவர் என்ன செய்தார் என்பதுதான் உங்கள் மன்றத்துக்கு உதவும்.

ஓபர்த் கதை இதற்கு இன்னும் நல்ல உதாரணம். ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய நாவலில் மனிதர்களைக் குண்டுக்குள் உட்கார வைத்து 900 அடி நீளப் பீரங்கியில் நிலவுக்குச் சுடுவார்கள். சிறுவன் ஓபர்த் அதை ரசித்துப் படித்தான். அதோடு நிற்காமல் உட்கார்ந்து கணக்கும் போட்டான். குழாயின் நீளத்துக்குள் அவ்வளவு வேகத்தை எட்டினால் உள்ளே இருப்பவர்கள் நசுங்கிப்போவார்கள் என்று தெரிந்துகொண்டான். பீரங்கி சரிப்படாது, மெதுவாக வேகம் கூட்டும் ஒரு வழி வேண்டும் என்றால் மிஞ்சுவது ராக்கெட். இந்தக் கணக்கை உங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் போடுவார்கள். 900 அடி என்றால் ஏறக்குறைய 274 மீட்டர். குழாயை விட்டு வெளியே வரும்போது வேகம் விநாடிக்கு 11 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுக்கச் சொல்லுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 20,000 மடங்குக்கும் மேல் வரும். விடை வந்ததும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும், பாருங்கள். அப்புறம் ஒரு பிள்ளை, "அப்ப எவ்வளவு நீளப் பீரங்கி இருந்தா தப்பிக்கலாம்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைக்கு நீங்கள் வேறு பாடம் நடத்த வேண்டியதில்லை.

அதே ஓபர்த்தை 1929இல் ஜெர்மானிய இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் தன் நிலவுப் படத்துக்கு ஆலோசகராக வைத்துக்கொண்டார். ராக்கெட் ஏறுவதற்கு முன் எண்ணிக்கையைத் தலைகீழாகச் சொல்லும் கவுண்ட்டவுன் அந்தப் படத்தில் பரபரப்புக்காக வைக்கப்பட்டதுதான். பின்னால் உண்மையான ஏவுதளங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. கதையிலிருந்து கணக்கு, கணக்கிலிருந்து சினிமா, சினிமாவிலிருந்து ஏவுதளம் என்று இரண்டு உலகமும் கொடுக்கல் வாங்கலில்தான் இருந்து வந்திருக்கின்றன. ஆகவே பிள்ளை படம் பார்த்துவிட்டு வந்து பேசினால், "அதெல்லாம் சும்மா கற்பனை" என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை சரியான வாசலில்தான் நிற்கிறது.

திரையில் தெரியும் முகம் யாருடையது என்பதும் முக்கியம். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் தகவல் தொடர்பு அதிகாரியாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸ் ஒரு கறுப்பினப் பெண். அப்போது நாசாவின் விண்வெளி வீரர்கள் எல்லோருமே ஆண்கள். அதுவரை பறந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். 1977இல் நாசா அவரையே ஆள் சேர்ப்புப் பிரசாரத்துக்கு அழைத்துக்கொண்டது. ஊர் ஊராகப் போய், விண்ணப்பம் போடுங்கள், இது உங்களுக்கும் உரிய வேலைதான் என்று பேசினார். 1978இல் தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள், மூன்று பேர் கறுப்பின ஆண்கள். விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு அந்த அணிதான். அந்தத் தொடரைச் சிறுமியாகப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் விண்வெளிக்குப் போனார். "நம்மைப் போல ஒருத்தி அங்கே இருக்கிறாள்" என்று ஒரு முறை கண்ணால் பார்ப்பதற்கு நூறு அறிவுரைகள் ஈடாகாது. உங்கள் மன்றத்தில் பேச ஆள் கூப்பிடும்போது இதை மனதில் வையுங்கள்.

இப்போது இடைவெளிக்கு வருவோம். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள, 83.6 கிலோ எடையுள்ள ஒரு பந்து. "பீப், பீப்" என்று ஒலிபரப்பியதைத் தவிர அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த ஒலியை 20 மெகாஹெர்ட்ஸ் அருகே யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வைத்திருந்தார்கள். உலகம் முழுக்க ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பில் ஈடுபடுகிறவர்கள், தங்கள் அறையில் உட்கார்ந்து கேட்டார்கள். செயற்கைக்கோள்களைத் தொலைநோக்கியால் பார்த்து நேரம் குறித்து அனுப்ப அமெரிக்காவில் தன்னார்வலர் குழுக்கள் அமைந்தன. பள்ளி மாணவர்களும் அவற்றில் இருந்தார்கள். அந்தக் காலத்து ஆர்வத்தைப் பற்றிப் பேசும்போது பயமும் போட்டியும்தான் காரணம் என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. கேட்பதற்கு ஓர் ஒலியும் குறித்து வைக்க ஒரு நேரமும் கிடைத்தன என்பது மறுபாதி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜெஃப்ரி பெர்ரி அங்கே இயற்பியல் ஆசிரியர். டாப்ளர் விளைவை வகுப்பில் காட்டுவதற்குச் செயற்கைக்கோள்களின் வானொலி ஒலியைப் பயன்படுத்தினார். செயற்கைக்கோள் நெருங்கும்போது அலைவெண் கொஞ்சம் கூடுதலாகவும், கடந்துபோகும்போது குறைவாகவும் கேட்கும். ரயில் ஊதிக்கொண்டே கடக்கும்போது நாம் கேட்பதும் இதுதான். அவர்களிடம் இருந்தது ஒரு சாதாரண ரேடியோ வாங்கி, நேரம் பார்க்க ஒரு கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம். மாணவர்கள் முறை வைத்துக் கேட்டார்கள். எந்தக் கோள் எப்போது கேட்டது என்று எழுதினார்கள். கொஞ்ச நாளில், இன்ன கோள் இத்தனை மணிக்கு மறுபடி வரும் என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

1966 மார்ச்சில் காஸ்மாஸ்-112 என்ற சோவியத் செயற்கைக்கோள் வந்தது. அதன் பாதை வழக்கமான ஏவுதளத்திலிருந்து கிளம்பியவற்றின் பாதைகளோடு பொருந்தவில்லை. இன்னும் சில கோள்கள் வரும்வரை காத்திருந்து, அவற்றின் பாதைகளை எல்லாம் வரைபடத்தில் பின்னோக்கி இழுத்துப் பார்த்தார்கள். எல்லாக் கோடுகளும் வட ரஷ்யாவில் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. சோவியத் அரசு உலகத்துக்குச் சொல்லாமல் வைத்திருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளம் அது! அமெரிக்க உளவுத் துறைக்கு அந்த இடம் தெரிந்தே இருந்தது. ஆனால் வெளியே சொல்லவில்லை. பொதுமக்களுக்கு முதலில் சொன்னது ஒரு பள்ளிக்கூடம். அப்படி ஓர் ஏவுதளம் இருப்பதைச் சோவியத் அரசு 1983இல்தான் ஒப்புக்கொண்டது.

அந்தப் பிள்ளைகள் தனித் திறமைசாலிகளாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது உண்மையான வேலை. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இல்லாத வேலை. ஒரு நாள் விட்டுப்போனால் அந்தத் தரவு உண்மையிலேயே போய்விடும் என்கிற வேலை. பதின்ம வயதுப் பிள்ளையை எதுவும் இதைப் போலப் பிடித்து நிறுத்துவதை நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு தவறான பழக்கத்தையும் சொல்ல வேண்டும். விண்வெளி என்றதும் "நீ பெரியவனானதும் விண்வெளி வீரர் ஆவாயா?" என்று கேட்கிறோம். 2019இல் ஒரு கருத்துக்கணிப்பு வந்தது: அமெரிக்க, பிரிட்டன் பிள்ளைகளில் விண்வெளி வீரராக விரும்புகிறவர்களைவிட யூடியூபராக விரும்புகிறவர்கள் மூன்று மடங்கு. பலரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. 2021இல் நாசா அறிவித்த அணிக்கு 12,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். எடுத்தது பத்துப் பேரை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2022இல் 22,500 பேருக்கு மேல் விண்ணப்பித்ததில் காத்திருப்புப் பட்டியலையும் சேர்த்துப் பதினேழு பேரை எடுத்தது. இந்த ஒரே ஒரு வேலையைக் காட்டி ஆசை வளர்த்தால், கணக்குத் தெரிந்த பிள்ளை பதினைந்து வயதில் தானாகவே விலகிவிடும்.

மனிதரை நிலவுக்கு அனுப்பிய நாசாவின் அப்போலோ திட்டத்தில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் வேலை செய்தார்கள். நிலவில் நடந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் போட்டிருந்த உடையைத் தைத்தவர்கள், உள்ளாடை தைக்கும் வேலையில் கை தேர்ந்த பெண்கள். ஒரு தையல் பிசகினாலும் உயிர் போகும் என்பதால் மில்லிமீட்டர் அளவில் கவனித்துத் தைத்தார்கள். அப்போலோ 11 இறங்கும்போது கணினி 1202 என்று எச்சரிக்கை காட்டியது. பயணத்தை நிறுத்துவதா, தொடர்வதா என்று சில விநாடிகளில் சொல்ல வேண்டும். தொடரலாம் என்று தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்ன ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. அந்த எச்சரிக்கை எதைக் குறிக்கிறது என்று கையால் எழுதிய பட்டியலை மேசையில் வைத்திருந்து அவருக்குச் சொன்ன ஜாக் கார்மனுக்கு 24. இந்த ஆட்களைப் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் பேசுங்கள். தைக்கப் பிடித்தவள், பட்டியல் போடப் பிடித்தவன், ஒலியைக் கூர்ந்து கேட்கிறவள், படம் வரைகிறவன், எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? நான் எப்போதும் சர்வதேச விண்வெளி நிலையத்தில்தான் தொடங்குவேன். கருவி எதுவும் வேண்டாம். 400 கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை அது பூமியைச் சுற்றுகிறது. நாம் இருட்டில் நிற்க, அவ்வளவு உயரத்தில் அதன்மேல் மட்டும் வெயில் படும் நேரத்தில், அதாவது மாலை இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும், கண் சிமிட்டாத பிரகாசமான புள்ளியாக வானத்தைக் கடக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் தெரியும் என்பதை நாசாவே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் கையாட்டுவார்கள். பெரியவர்களும் ஆட்டுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு மாலையில் நின்றிருந்தோம். நிலையம் தலைக்கு மேலே வந்து, கிழக்கே பாதி வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே மங்கி மறைந்துவிட்டது. எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒரு சிறுமி மட்டும் அசையாமல் நின்றாள். பன்னிரண்டு வயது இருக்கும், அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காதவள். "மாமா, மேகமே இல்லை. அடிவானத்துக்கும் போகலை. அப்ப எங்கே போச்சு?" என்றாள். விடை எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மறைந்தது, மணி என்ன என்று எழுதி வை, அடுத்த முறையும் எழுது என்றேன். இரண்டு வாரத்தில் ஏழெட்டுக் குறிப்புகள் சேர்ந்தன. சீக்கிரம் வந்த நாட்களில் கிழக்கே தாழ்வாகப் போய் மறைகிறது. நேரம் கழித்து வந்த நாட்களில் உச்சியை எட்டும் முன்பே மறைந்துவிடுகிறது. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "இருட்டு கிழக்கிலேர்ந்து ஏறி வருதா?" என்று கேட்டாள். அவள் பார்த்தது பூமியின் நிழலின் விளிம்பு. வெயிலில் பறந்த நிலையம் அந்த நிழலுக்குள் நுழைந்ததைத்தான் அவள் மறைந்தது என்று குறித்திருந்தாள். தானே கண்டுபிடித்த அந்த இரவில் அவள் முகம் இருந்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சினிமாவையும் விளையாட்டையும் வேலையாக மாற்றுவது எளிது. படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, இதில் எது நடக்கும், எது நடக்காது என்று பிரிக்கச் சொல்லுங்கள். குற்றம் கண்டுபிடிக்கும் தொனி வேண்டாம். ஓபர்த் செய்தது போலக் கணக்கோடு. விண்வெளியில் வெடிச் சத்தம் கேட்குமா? செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லையே, அங்கே புயல் ராக்கெட்டைச் சாய்க்குமா? ஏன் தவறு என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் அந்தப் படத்தை முன்பைவிட அதிகமாக ரசிக்கிறார்கள். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டுகளில் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று ஒன்று இருக்கிறது. ராக்கெட்டைத் தானே கட்டி ஏவ வேண்டும். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் நேர் மேலே விடுவார்கள். அது நேர் கீழே வந்து விழும். சுற்றுப்பாதை என்பது உயரத்தைவிட வேகத்தைப் பொறுத்தது, பக்கவாட்டில் விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால்தான் விண்வெளி நிலையம் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்க முடியும் என்பது கைக்குப் புரிந்துவிடும். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க அதை நோக்கி வேகம் கூட்டினால் அது விலகித்தான் போகும். கீழே இறங்கினால்தான் எட்டிப் பிடிக்கலாம். 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் அமெரிக்க விண்வெளி வீரர் மெக்டிவிட் தன் ராக்கெட்டின் கழன்ற பகுதியைப் பிடிக்க முயன்று இதையேதான் அனுபவித்தார். விளையாட்டில் தோற்ற பிள்ளையிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த படி, உண்மையான தரவு. இதற்கு இவ்வளவு நல்ல காலம் இதற்கு முன் இருந்ததே இல்லை. 2007இல் கேலக்சி ஜூ என்ற திட்டம் தொடங்கியது. லட்சக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து, இது சுருள் வடிவமா, நீள்வட்டமா என்று சொல்லச் சொன்னார்கள். நெதர்லாந்தில் ஹன்னி வான் ஆர்கெல் என்ற பள்ளி ஆசிரியை ராக் இசைக் குழுவான குயீனின் கிதார் கலைஞர் பிரையன் மேயின் ரசிகை. பிரையன் மே வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் எழுதியதைப் படித்துத்தான் ஹன்னி இந்தத் திட்டத்துக்கு வந்தார். சில நாட்களிலேயே ஒரு படத்தில் விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்தில் விசித்திரமான ஒரு திட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் தெரியவில்லை. ஒரு காலத்தில் கடுமையாக ஒளிர்ந்து இப்போது அடங்கிப்போன குவாசர் (விண்மீன் மண்டலம் ஒன்றின் நடுவே கருந்துளையால் ஒளிரும் பகுதி) ஒன்றின் ஒளி பட்டு மின்னும் வாயு அது என்று பிறகு தெரிந்தது. ஹபிள் தொலைநோக்கியையே அதன் பக்கம் திருப்பினார்கள். இன்று அதற்கு ஹன்னியின் பெயர். கிதார் கேட்க வந்தவரைக் கண்டுபிடிப்புவரை கொண்டுபோனது, நடுவில் கையில் கிடைத்த ஒரு சின்ன வேலை.

சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் 2019 செப்டம்பரில் நிலவில் மோதியது. நாசா தன் நிலவுச் சுற்றுக்கலம் எடுத்த படங்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் எந்த விண்வெளி நிறுவனத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. முன்பு இல்லாத ஒரே ஒரு வெளிச்சப் புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். டிசம்பரில் நாசா அதை விக்ரமின் சிதறல் என்று உறுதி செய்து அவருக்கு நன்றி சொன்னது. தேவைப்பட்டது பொறுமை மட்டும்தான். சிறுகோள் தேடும் சர்வதேசத் திட்டமும் இதே வகை. ஹவாய்த் தீவுகளின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி சில நிமிட இடைவெளியில் எடுத்த படங்களைப் பள்ளிக் குழுக்களுக்கு இலவசமாக அனுப்புகிறார்கள். படங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே எது நகர்கிறது என்று பிள்ளைகள் தேட வேண்டும். உங்கள் மன்றத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கண்டது புதிய சிறுகோள்தான் என்று உறுதியாகப் பல ஆண்டுகள் ஆகும். உண்மையை மறைத்து ஆசை காட்டினால் பின்னால் நம்ப மாட்டார்கள்.

ரேடியோவைப் பற்றி இரண்டு வரி. விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. பள்ளிகளோடு வீரர்கள் பேசும் திட்டமும் இருக்கிறது. நிலையம் தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடம்தான் கிடைக்கும். விண்ணப்பித்துப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்தில் ஆன்டெனா கட்டுவதும் கேள்வி தயாரிப்பதும்தான் உண்மையான பாடம். வெறுமனே கேட்க விரும்பினால் 145.800 மெகாஹெர்ட்ஸ். உரிமம் பற்றி உங்கள் நாட்டு விதி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குக் கட்டும் வேலை. 1999இல் பாப் ட்விக்ஸ், ஹோர்டி புய்க்-சுவாரி என்ற இரண்டு பேராசிரியர்கள் மாணவர்கள் படிப்பை முடிப்பதற்குள் ஒரு செயற்கைக்கோளைக் கட்டி முடிக்க வேண்டும் என்பதற்காகவே 10 சென்டிமீட்டர் கனசதுரம் என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். பொம்மை வைத்து விற்கும் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்து ட்விக்ஸுக்கு வந்த யோசனை அது. கியூப்சாட் என்ற பெயரில் இன்று பெரிய நிறுவனங்களும் அதே அளவைப் பயன்படுத்துகின்றன. பள்ளிக்கு அதுவும் பெரிது என்றால் கேன்சாட் இருக்கிறது: குளிர்பானக் குவளை அளவுக்குள் வெப்பமானி, அழுத்தமானி, ரேடியோ எல்லாம் வைத்து மேலே அனுப்பி, பாராசூட்டில் இறங்கும்போது தரவு வாங்குவது.

இதில் தோல்விக்கு இடம் வைத்தே திட்டமிடுங்கள். இந்தியாவில் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கேற்று உருவாக்கிய ஆசாதிசாட் 2022 ஆகஸ்ட் 7 அன்று ஏவப்பட்டது. ராக்கெட் அதைத் தவறான பாதையில் விட்டதால் கோள் இழக்கப்பட்டது. மாணவிகள் பக்கம் எந்தப் பிழையும் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டாவது கோள் தயாராகி, 2023 பிப்ரவரி 10 அன்று சுற்றுப்பாதையை அடைந்தது. முதல் கோள் போன அன்று அந்தப் பிள்ளைகளோடு யார் உட்கார்ந்து பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உங்கள் மன்றத்தில் குவளை பாராசூட் விரியாமல் விழுந்து நொறுங்கும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்குப் பேச வேண்டியதை இப்போதே யோசித்து வையுங்கள்.

செய்யாமல் விட வேண்டியதும் இருக்கிறது. கோள்களின் பெயர், தூரம், துணைக்கோள் எண்ணிக்கை என்று கேட்கும் வினாடி வினாவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு அது கைதட்டல். தெரியாத பிள்ளைக்கு வெளியே போகும் வழி. நானே பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். அமைதியான பிள்ளைகளை அதனால் இழந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்பதையும் இந்த வேலைக்குள் கொண்டுவராதீர்கள். குறிப்பு எழுதும் நோட்டில் எல்லோருடைய பெயரும் இருக்கட்டும்.

உங்களுக்கு வானியல் அதிகம் தெரியாது என்று தயங்கி எழுதியிருந்தீர்கள். அது தடையே இல்லை. "எனக்கும் தெரியாது, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று ஆசிரியர் சொல்வதைப் பிள்ளைகள் அரிதாகத்தான் கேட்கிறார்கள். கெட்டரிங்கில் பெர்ரிக்கும் அந்தக் கோடுகள் எங்கே போய் வெட்டும் என்று முன்கூட்டித் தெரியாது.

ஆகவே அடுத்த கூட்டத்தில் இதை மட்டும் செய்யுங்கள். ஒரு தடித்த நோட்டு வாங்கி, பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: தேதி, விண்வெளி நிலையம் தோன்றிய நேரம், மறைந்த நேரம், எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மறைந்தது. நட்சத்திரப் பெயர் தெரியாவிட்டால் படம் வரையட்டும். யார் பார்த்தார்களோ அவர்களே எழுதட்டும். மேகமாக இருந்தால் மேகம் என்று எழுதட்டும். ஒரு மாதம் ஆனதும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தச் சிறுமியின் நோட்டிலிருந்து நான் படியெடுத்து வைத்த குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.